மேலும் விவரங்களுக்கு

‘மேலும் விவரங்களுக்கு அமைப்புகள் பக்கத்தைப் பார்க்கவும்’ என்றிருந்தது. பார்த்தாள். அங்கே, ‘முதலில் தொடக்கப் பக்கத்தைப் படிக்கவும்.’ படித்தாள். அது அவளை அமைப்புகள் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. காலையிலிருந்து இந்தச் செக்குமாட்டுப் பிழைப்புதான். இதை எழுதிய புண்ணியவான் கையில் கிடைத்தால், அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்துபோனவர்களுக்கு முடிவை மெசேஜில் அனுப்பும் மென்பொருள் அவள் பொறுப்பு. மெசேஜைக் கொண்டுசேர்க்கும் வெளி நிறுவனம் தன் இணைய முகவரியை மாற்றிவிட்டது. மாற்றிவிட்டோம் என்று சொன்னவர்கள் புதியது எது என்று சொல்லவில்லை; அவர்களுடைய இணையக் கையேட்டில்தான் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். போகாத மெசேஜ்கள் அவள் திரையில் வரிசைகட்டி நின்றன. எதற்கும் குறை சொல்லி ‘எதிர்க்கட்சி’ என்று பேரெடுத்த பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அவங்க சப்போர்ட்டுக்கு எழுதினீங்களா?”

“எழுதினேன். டாக்குமென்டேஷனப் பாருங்கன்னு பதில் வந்துச்சு.”

எட்டிப் பார்த்த தலையை அவர் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் தங்கை அழைத்தாள். மார்பில் கட்டி என்று சதை எடுத்துப் பரிசோதிக்க இதே கூடத்தில்தான் கொடுத்திருந்தாள்.

“அக்கா, ரிசல்ட் ரெடியாம். மெசேஜ்ல வரும்னு சொன்னாங்க, ஒண்ணும் வரலையே.”

“எங்க பக்கம்தான் கோளாறு. பாத்துட்டுதான்டி இருக்கேன்.”

“அப்போ என்னோடது உன்கிட்டதான இருக்கு? பாத்துச் சொல்லேன்.”

“அத நான் திறக்கக் கூடாதுடி.”

கூடாது என்பது உண்மைதான். ஆனால் அவளைத் தடுத்தது விதியல்ல, பயம். வரிசையில் தங்கையின் பெயர் வரும் இடத்தை நெருங்கும்போதெல்லாம் வேகமாகத் தள்ளிவிட்டுக் கடந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது.

பிற்பகலில் அது கிடைத்தது. கட்டணம் பற்றிய கேள்வி பதில்களுக்குள், ‘ரசீது தொலைந்துபோனால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு அடியில், யாருக்கோ போகிற போக்கில் சொன்னதுபோல ஒற்றை வரி. புது முகவரி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபப்படவும் தெம்பில்லை. மாற்றி எழுதி, தன் போனுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தாள். வந்தது. இனி பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

அழுத்தாமல் தங்கையை அழைத்தாள்.

“எங்கடி இருக்க?”

“ஆபீஸ் மாடிப்படில. ஏன்?”

“கூட யாராச்சும் இருக்காங்களா?”

“அக்கா, நீ பாத்துட்டியா?”

“சத்தியமா இல்ல. நீ போன வைக்காத.”

அழுத்தினாள். வரிசை மேலிருந்து கரையத் தொடங்கியது. “எல்லாம் போகுது போலயே!” என்று எதிர்க்கட்சி முதன்முறையாகச் சந்தோஷப்பட்டார். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனுக்குள், தங்கைக்கு மெசேஜ் வந்த மணி சின்னதாக ஒலித்தது. அந்தப் படிக்கட்டில் யாரோ இருவர் சிரித்துப் பேசியபடி மேலே ஏறிப்போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.