துடைத்த இலை

கரடியூரில் வெள்ளையம்மாளைப் போல ஒரு வீம்புக்காரியைப் பார்க்க முடியாது. அவள் புருஷன் அங்கப்பன் மட்டும் லேசுப்பட்ட ஆளா? பட்டுப்பூச்சி வளர்க்கலாம் என்று சாமை விதைத்த காட்டை உழுதபோதே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

அவனுக்குக் கன்வா மல்பெரிதான் வேண்டும். கீழ்நாட்டில் எல்லாரும் அதைத்தான் நடுகிறார்கள், இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைத் தாண்டும் என்றான். அந்த ஜாதி மலைப்பனி தாங்காது, இலைக்கு அடியில் வெள்ளை பூத்துவிடும், எம்.ஆர். டூ என்கிற ஜாதியை வைத்தால் அந்த நோவே வராது என்று பட்டு ஆபீஸ்காரர் சொல்லியிருந்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கடைசியில் மேல்காட்டில் அவன் செடி, காப்பி எஸ்டேட் வேலியோரம் அவள் செடி என்று ஆளுக்குப் பாதியாக நட்டார்கள். அதற்குப் பிறகு அவளை அவன் ஆபீசரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

கார்த்திகை பிறந்து மூட்டம் இறங்கியது. புழுக்கள் தோலுரிக்கிற நாலாவது தூக்கம் எழுந்து, வைத்த இலையையெல்லாம் அரக்கப்பரக்கத் தின்றுகொண்டிருந்தன. இன்னும் சில நாளில் கூடு கட்டிவிடும். முன்பு வளர்த்த புழு நோவில் போயிருந்தது. இதுவும் போனால் எல்லாச் செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டு எஸ்டேட் கூலிக்கே திரும்புவது என்று அங்கப்பன் சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன்.

அன்று காலை கூடையோடு வேலியோரம் போன வெள்ளையம்மாள் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். அவள் செடியின் இலைமேல் வெள்ளை படிந்திருந்தது.

ஆபீஸ்காரர் புளுகிவிட்டாரா? இதைப் பார்த்தால் அங்கப்பன் சும்மா விடுவானா? ஊர்முழுக்கச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கிவிடுவான். அந்த நேரத்தில் புழுவைவிட அவன் வாய்க்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். சேர்வராயா, காப்பாத்து என்று முனகிக்கொண்டே, அறுத்த இலையை ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்தாள். வெள்ளை சுலபமாகத் துடைபட்டுப் போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது. கூடையைப் புழு வளர்க்கிற ஊட்டு வாசலில் வைத்துவிட்டு, கலந்து போடக் கன்வா இலையும் கொஞ்சம் கொண்டுவரலாமென்று மேல்காட்டுக்கு ஏறினாள்.

அங்கே ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் வெள்ளை பூத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள், போகவில்லை. முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை.

நோவு என்றால் இலைக்கு அடியில்தானே வரும்? தன் செடியில் மேலே அல்லவா இருந்தது? அதுவும் மாவு மாதிரி உதிர்ந்ததே? முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். குப்பென்று அடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் கூலிக்குப் போனபோது நாள் முழுக்க முகர்ந்த நாற்றம். காப்பிச் செடிக்குத் தூற்றுகிற பூச்சிமருந்து, பி.எச்.சி. பவுடர். நேற்றுச் சாயங்காலம் எஸ்டேட் பக்கமிருந்துதான் காற்று அடித்தது.

வந்த வழியே கீழே ஓடினாள். சரிவில் கால் பிசகி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். அந்த மனுசன் கூடையைத் தொட்டிருக்கக் கூடாது, தொட்டிருக்கக் கூடாது என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

வாசலில் கூடை கவிழ்ந்து கிடந்தது. உள்ளே அங்கப்பன் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றான். அத்தனை தட்டிலும் பச்சை இலை பரப்பியிருந்தது.

"உன் செடிதான் செயிச்சுது புள்ள. என் இலை பூராவும் வெள்ளை. உன்னுது நொம்ப சுத்தமா இருந்துச்சு, எல்லாத்துக்கும் அதையே போட்டுட்டேன்."

இந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்! தட்டுத் தட்டாகப் பாய்ந்து இலையை வாரி வெளியே எறிந்தாள். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் மேல்தட்டில் ஒரு புழு தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டியது. பக்கத்தில் இன்னொன்று பச்சையாகக் கக்கியது. பிறகு தட்டு முழுக்க நெளிந்தது. சரசரவென்று தின்கிற சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

அங்கப்பனின் பிடி தளர்ந்தது.

"என்ன புள்ள இது? ஒவ்வொரு இலையாப் பொரட்டிப் பாத்துத்தானே போட்டேன். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லியே."

வெள்ளையம்மாள் முந்தானையை அவனிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க," என்றாள்.