மென்டலுக்குத் தமிழ் தெரியாது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ‘இல்லை’ என்ற ஒரே சொல். சொன்னவர் அரியரத்தினம். (இப்போதைக்கு அப்படி வைத்துக்கொள்வோம்.)

முதல் தொடக்கம்: டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் சமையற்கூடம் ஒன்றில், பனி கொட்டிய ஒரு காலையில்

அந்தப் பனியைக் கோடுபோட்டு அடித்துவிட்டேன். வெட்கத்தை மூடத்தான் அது தேவைப்பட்டது.

2

அங்கே யூதப் பயணிகளின் உணவுக்குத் தனிக் காஸ் அடுப்பு. அதைக் கொளுத்துபவர் யூதராக இருக்கவேண்டும் என்பது விதி. யூத மேற்பார்வையாளர் மென்டல் தினமும் காலை ஐந்தரைக்கு வந்து கொளுத்துவார். சமைப்பது அரியரத்தினமும் கௌசியும்.

ஒருநாள் கரட் வெட்டும்போது மென்டல் சொன்னார்: ஆதியில் ஒளியைத் தாங்கமாட்டாமல் பாத்திரங்கள் உடைந்தன. பொறிகள் எல்லாவற்றுக்குள்ளும் விழுந்தன. “இந்தக் கரட்டுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதை மேலே அனுப்பத்தான் மனிதன் பிறந்தான்.”

“கரட் தின்னவோ அண்ணை பிறந்தனாங்கள்?” என்று கௌசி தமிழில் கேட்டாள்.

அரியரத்தினம் சிரிக்கவில்லை.*

* சிரித்தார்.

3

மென்டல் சுவரைப் பார்த்து நின்று தொழுகையில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. அன்று அந்த நேரத்தில் அடுப்பு அணைந்தது. உள்ளே நாற்பது பேருக்கான கோழி. லொறி வர அரைமணி. அரியரத்தினம் லைற்றரை எடுத்தார்.

“அண்ணை, அவர் முடிக்கட்டும்.”

“நெருப்பு நெருப்புத்தானே. ஆர் கொளுத்தினால் என்ன?”

“அப்ப உங்கடை தம்பி செத்த துடக்குக்கை ஏன் ஒரு மாசம் சாமிவிளக்குக் கொளுத்தேல்லை?”

அரியரத்தினம் கொளுத்தினார்.

மென்டல் வந்து கேட்டார். “அணையவில்லையே?”

“இல்லை.”

மென்டல் வெந்த துண்டொன்றை எடுத்து, உதட்டுக்குள் நன்றி சொல்லி, கண்மூடி மென்றார். பொறியை மேலே அனுப்புகிறவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

4

முடிவு அ: அரியரத்தினம் உண்மையைச் சொல்கிறார். நாற்பது சாப்பாடும் குப்பைக்குப் போகின்றன. வேலையும் போகிறது. [நடக்கவில்லை.]

முடிவு ஆ: மென்டலுக்கு முன்பே தெரியும். மன்னிக்கிறார். [எனக்கு வசதியான முடிவு. அடித்துவிட்டேன்.]

5

உலகத்துக்கு இடம்விடக் கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டார் என்றும் மென்டல் சொல்லியிருக்கிறார். அந்த வெற்றிடத்தில், யாரும் பாராதபோது நாம் செய்வதில்தான் அவரை அறியலாமாம். நானும் என்னைச் சுருக்கிக்கொண்டு அரியரத்தினத்துக்கு இடம்விட்டேன். கடவுள் இடம்கொடுக்க ஒதுங்கினார். நான் ஒளிந்துகொள்ள ஒதுங்கினேன்.

லைற்றர் என்னுடையது.

தமிழில் எழுதுவதும் அதனால்தான். மென்டலுக்குத் தமிழ் தெரியாது. இன்றும் நான் சமைத்ததைக் கண்மூடித்தான் மெல்லுகிறார். கௌசி அன்றிலிருந்து என்னை அண்ணை என்று கூப்பிடுவதில்லை.

ஆனால் இதை வாசிக்கும் உங்களில் யாராவது டோர்வலில் வேலை செய்யக்கூடும். நாளை ஐந்தரைக்கு அவர் வருவார். கோட்டைக் கழற்றுமுன் அடுப்பைத்தான் பார்ப்பார். அவரிடம் தயவுசெய்து நீங்கள்