பெரிய கெண்டி

மூக்கு வழியே இறங்கும் தண்ணீர் வளைந்து விழுகிறது, விழுந்து முடிந்த பிறகும் ஒரு சொட்டு போக மனமில்லாமல் நுனியிலேயே தொங்குகிறது, இது சரிப்படாது என்று டீ கெண்டியைப் பலகையில் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறேன், கடைக்காரப் பெண் பூவரசி என் கையிலிருக்கும் டம்ளரையே பார்க்கிறாள், வீட்டிலிருந்து டம்ளர் எடுத்து வந்து கெண்டி வாங்குகிற ஆளை அவள் பார்த்ததில்லையாம், நானும்தான் பார்த்ததில்லை என்றேன். எத்தனை பேருக்குங்கய்யா என்று கேட்டாள், ஒரு ஆளுக்கு என்றேன், அப்ப சின்னதா எடுக்கட்டுமா என்றாள், பிடிக்கிறது முக்கால் டம்ளர்தான் பிடிக்கணும், பார்த்தா ஒரு கல்யாண வீட்டுக்கே போதும்போல இருக்கணும் என்றேன், அவள் சிரிக்கவில்லை, புதுச்சேரியில் மண்பாண்டம் விற்கிறவர்களுக்கு வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எந்தக் கிறுக்கும் பழகிப்போய்விடுகிறது. அவள் உள்ளே போய்த் தேடுகிறாள், நான் நிற்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்திருக்கிறேன், என் மனது இந்தக் கடையில் இல்லை, வீட்டுக் குழாயடியில் இருக்கிறது, இந்நேரம் ரெஜினா குழாயைத் திறந்திருப்பாளா, பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வாயில் அதக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாளா, கட்டிய மனைவியைத் தண்ணீர்க் குழாயோடு தனியே விட்டுவந்ததற்காகப் பதறுகிற புருஷன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டன, வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மிஷினுக்குள் விட்டு அலசித் திருப்பி ஏற்றுகிறார்கள், குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை, ஆகவே குடிப்பதற்கு அளவு, மாத்திரைக்குக் கொஞ்சம், சோற்றுக்கு ரசம் கொஞ்சம், டீ என்றால் நாளைக்கு முக்கால் டம்ளர், திருடிக் குடித்தால் ஆஸ்பத்திரி எடை மிஷின் காட்டிக்கொடுத்துவிடுகிறது, நர்ஸம்மா முள்ளைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், ஏதோ நான்தான் கள்ளச்சாராயம் காய்ச்சி ஊற்றியதுபோல. கல்யாணமான புதிதிலேயே கவனித்திருக்கிறேன், ரெஜினாவுக்கு டீயைவிட அதை ஊற்றுவதுதான் பிரியம், அலுமினியக் கேத்தல் நிறையப் போட்டு வைத்துக்கொண்டு காலை முழுவதும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்கும் ஊற்றிக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கும் ஊற்றுவாள், நான் மில்லுக்குக் கிளம்பும்போதும் ஊற்றுகிறாள், திரும்பி வரும்போதும் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், புயலடித்த வருஷம் காற்று எங்கள் அடுப்பிலிருந்து கேத்தலைத் தூக்கிக்கொண்டு போனது, நேராகக் கடலூர் போய்ச் சேர்ந்து மறுநாள் எதிர்க்காற்றில் திரும்பி வந்தது, டீ ஆறவில்லை, கடலூர்க்காரர்கள் சர்க்கரை மட்டும் கூடப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இதை நான் மில் கேண்டீனில் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை, ரெஜினா மட்டும்தான் எப்போதும்போல என் கதையில் ஓட்டை போடுவாள், கடலூர்ல சர்க்கரை ரேஷன்ல கிடைக்காத நேரமாச்சே என்றாள், அந்த ஊர்க்காரங்க மனசு அப்படி என்றேன், அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பதைக் காட்டமாட்டாள், எனக்கு எதிரில் சிரித்தால் தோற்ற மாதிரி.

இப்போது டம்ளரில் முக்கால் அளவு டீயைக் கொடுத்தால் மூன்று மடக்கில் தீர்ந்துவிடுகிறது, தீர்ந்த டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், நான் கேத்தல் கதையை எடுத்தேன், அவள் ஓட்டை போடவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது, பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள், நாளன்னிக்கு ஆட்டோ வரச்சொல்லாதீங்க, நான் வரல, இந்த மூணு மடக்குக்காக அவ்வளவு ஊசி குத்திக்க முடியாது. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன், கறிகாய்க்காரரிடம் இன்றைக்குக் கீரை வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள், அந்த நாளன்னிக்கு இப்போது நாளைக்கு என்று ஆகிவிட்டது, நான் கெண்டிக் கடையில் நிற்கிறேன், பூவரசி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வருகிறாள், பூசணிக்காய் பருமன், நீலப் பூச்சு, இதை வாங்காதீங்கய்யா, பழக வந்தவங்க யாரோ செஞ்சது, சுவரு தடிச்சுப் போச்சு, உள்ள எடமே இல்ல, ஏமாந்துபோயிடுவீங்க என்கிறாள். டம்ளரிலிருந்து முக்கால் அளவு ஊற்றினேன், விளிம்பு வரை வந்து நின்றது, வெளியே அவ்வளவு பேச்சு, உள்ளே இவ்வளவுதான் சரக்கு, சொந்தக்காரனைச் சந்தையில் கண்டதுபோல் இருந்தது, மூக்கும் சன்னம், நூல்போல ஊற்றுகிறது, ஒரு சொட்டும் தொங்கவில்லை, இதுதான் என்றேன். இதோடு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு குட்டிக் கோப்பையும் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் மடியில் கெண்டி கனக்கிறது, வலப்பக்கம் கடல் கூடவே ஓடி வருகிறது, கண் சொருகுகிறது, கடற்கரையில் ரெஜினா உட்கார்ந்து இந்தக் கெண்டியால் கடலை மொண்டு மொண்டு குடிக்கிறாள், கட்டுமரங்கள் மணலில் தட்டிக்கொண்டு நிற்கின்றன, மீன்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று இன்னும் கொஞ்சம் குடிங்கக்கா என்கிறார்கள், அவள் எடை மிஷினில் ஏறுகிறாள், முள் அசையவே இல்லை, நர்ஸம்மா என்னைப் பார்க்க வாய்ப்பில்லாமல் போகிறது, அந்தச் சந்தோஷத்திலேயே விழித்துக்கொண்டேன், கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தார், பெரியவரே, பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு.

இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி, அவளுக்கு எதிரில் வைக்கிறேன், எவ்வளவு பெரிசு என்றாள், டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன் என்றேன், நான் அவரைப் பார்த்தே வாரமாகிறது. அவள் இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தாள், நூல்போல டீ இறங்கியது, கோப்பை நிறைந்தது, குடித்தாள், மறுபடி ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், மறுபடி ஊற்றினாள், அந்தச் சொல்லை இந்த வீடு கேட்டு எத்தனை மாதம், நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சாய்த்தபோது ஒன்றும் வரவில்லை, மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள், இலைக்கே இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது, சுவரின் தடிப்பை விரலால் தடவினாள், ஒரு சுற்று முழுவதும் தடவினாள், நான் சொல்வதற்கு ஒரு கதை தேடினேன், ஆயுளில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை. அவள் மூடியைப் போட்டாள், கெண்டியைத் திரும்பவும் கோப்பை மேல் சாய்த்தாள், ஒன்றும் விழாத அந்த மூக்கைச் சாய்த்தபடியே, ஒரு கோப்பை நிறைகிற நேரம் வரை அசையாமல் பிடித்திருந்தாள், பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

யப்பா, வயிறு முட்டிப்போச்சு, பாதிகூடத் தீரலீங்க, மீதியை எடுத்து வைங்க, நாளைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வந்து குடிச்சுக்கறேன்.

நான் கெண்டியை இரண்டு கையாலும் எடுத்து, தளும்பிவிடாமல், மெல்ல மெல்ல அடுப்படிக்கு நடக்கிறேன்.