அருவிக்கு ஓர் ஆள் வேண்டும்

"ஏம்மா, இது அருவியா, தெருக்குழாயா?"

பெங்களூர்ப் பட்டுக்கடை முதலாளி படத்தை மேசைமேல் போட்டார். புதுவருஷக் காலண்டருக்கு அவருக்கு ஓர் அருவிப் படம் வேண்டியிருந்தது. ஓசூரில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் நாராயணம்மா, அஞ்செட்டிக்கு அப்பால் காட்டுக்குள் நடந்துபோய் எடுத்த படம் அது. மூன்று பனை உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர், படத்தில் நூலாகத் தெரிந்தது.

"திங்கக்கெழமை வேற படம் கொண்டாறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் நாராயணம்மா.

"அன்னிக்கும் சரியில்லேன்னா மைசூர்க்காரர்கிட்ட குடுத்துடுவேன்."

ஊர் திரும்பும் பஸ் ஜூஜுவாடியைத் தாண்டுவதற்குள் குறை என்னவென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வெறும் பாறையையும் தண்ணீரையும் பார்த்து எவன் உயரம் சொல்லுவான்? பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும்!

ஆள் வீட்டிலேயே இருந்தான். அவள் கணவன் சென்னகிருஷ்ணன் ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி. கொல்லையில் புகுந்த காட்டுப்பன்றியைத் தனியாக விரட்டியவன். காமிராவைக் கண்டால் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளிவான். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவன் குடும்பத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. கல்யாணத்தன்றுகூடப் படம் கிடையாது.

"பொட்டி தூக்க வாங்க, போதும்" என்று சொல்லி அழைத்துப் போனாள்.

மூங்கில் காட்டுக்குள் பாதை ஏறியது. காமிராப் பெட்டி அவன் தலையில், அதை நிறுத்தும் முக்காலி அவள் தோளில். வழியில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது.

"இப்பதான் போயிருக்குது. வாயத் தொறக்காம வா புள்ள" என்றான்.

அருவியின் இரைச்சலில் அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. நாராயணம்மா முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். பாறைமேல் வெயில் அருமையாக விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மலை மறைத்துவிடும்.

"ஏங்க, அந்தப் பாறையில போய் நில்லுங்க."

அவன் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தான். "அதானே பாத்தேன்! பொட்டி தூக்கவா கூட்டியாந்த? எங்க சித்தப்பா ஒரு படம் எடுத்துக்கிட்டாரு, அந்த மாசமே போய்ட்டாரு."

"உங்க சித்தப்பாவுக்கு எம்பது வயசு. மாமரத்துல ஏறி விழுங்கன்னு நானா சொன்னேன்?"

"நான் நிக்க மாட்டேன்."

"சரி, நான் நிக்கறேன். நான் கைய ஆட்டினதும் இந்த மூடியக் கழட்டி, ரெண்டு எண்ணிட்டு மாட்டுங்க. அவ்வளவுதான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சென்னகிருஷ்ணன் லென்ஸ் மூடியைப் பார்த்தான். பாறையை நோக்கிப் போகும் மனைவியைப் பார்த்தான்.

"ஏ! நில்லு புள்ள!" என்று கத்தியபடி அவனும் தண்ணீரில் குதித்தான். "உன் ஆயுச என் கையாலயே எடுக்கச் சொல்றியா? ஏறு கரைக்கு. நான் போறேன்."

அவள் திரும்பி வந்து சட்டென்று மூடியில் கை வைத்தாள். அவன் பாறைமேல் ஏறி, வேட்டியை இறக்கிவிட்டு, தூக்குமேடையில் நிற்பவனைப்போல விறைத்து நின்றான்.

"ஆடாதீங்க!"

மூடி கழன்றது. ஒன்று. சாரல் அவன் முகத்தில் அடித்தது, கண் இமைக்கவில்லை. இரண்டு. மூடி ஏறியது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உயிரோடதானே இருக்கீங்க?"

திங்கட்கிழமை முதலாளி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அருவியை உச்சியிலிருந்து அடிவரை விரலால் அளந்தார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "இதையே அச்சுக்குக் குடு" என்றார்.

தை மாதம் ஜூஜுவாடி டீக்கடைச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. சென்னகிருஷ்ணன் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப்போய்த் தேடினான். வானத்திலிருந்து கொட்டுவதுபோன்ற அருவி. அதன் அடியில் வேட்டி கட்டிய ஒரு புள்ளி.

"இதானா நானு? எறும்பாட்டம் இருக்கறேன்!"

"அதுக்குத்தான் உங்கள நிக்க வெச்சேன்" என்றாள் நாராயணம்மா.

அவன் கொஞ்சம் யோசித்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ஆயுசும் எறும்பளவுதான் கொறஞ்சிருக்கும். போனாப் போவுது. அடுத்த அருவி எங்க இருக்குது, சொல்லு."