இரண்டாவது ஸ்பூன்

டிகிரி முடித்த பிறகு நான் சேர்ந்த மூன்றாவது இன்டர்ன்ஷிப் அது. முதல் இரண்டும் டிஷ்யூ ரகம். எங்களுக்குள் அப்படித்தான் பேர்: மூக்கைத் துடைத்துக் கசக்கிப் போடுவதற்கென்றே எடுக்கிற இன்டர்ன். மூன்றாவதை மட்டும் தங்க ரகம் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஒருவரை நிரந்தரமாக்குவோம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். எடுத்ததோ இரண்டு பேரை. எதிர் மேஜையில் இருந்த ஜேஹாவுக்கு வேலை கிடைத்தால் எனக்கு இல்லை, எனக்குக் கிடைத்தால் அவனுக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே இரண்டு பேரும் தினமும் "சாப்பிட்டாச்சா?" என்று பல்லைக் காட்டிக்கொள்ள வேண்டும். நல்ல கூத்து.

கம்பெனி பெயர் ஒன்சோல். சிஹ்வா தொழிற்பேட்டையில் மின்சார ரைஸ் குக்கர் செய்கிறவர்கள். பரிசோதனைப் பிரிவில் எங்கள் வேலை, சோறு சாப்பிடுவது. மிகைப்படுத்தவில்லை, அதுதான் வேலை. சொந்த ஊர் குன்சானிலிருந்து அம்மா போன் செய்து கேட்டாள்.

"அங்க என்னடி பண்ற?"

"சோறு சாப்பிடறேம்மா."

"அதைத்தானே இங்கயும் பண்ணிட்டிருந்த? அதுக்கு எதுக்குடி மாசாமாசம் வாடகை குடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம்?"

"சோறு ஆறிடும்மா" என்று போனை வைத்தேன்.

தினமும் காலையில் இன்டர்ன்கள் நாங்கள்தான் வெவ்வேறு குக்கரிலிருந்து சோறு எடுத்துக் கிண்ணங்களில் வைப்போம். எந்தக் கிண்ணம் எந்தக் குக்கர் என்று மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொட்டு ஒட்டியிருக்கும். ருசி பார்ப்பதற்கு முன் காபி கூடாது, கிம்ச்சி ஊறுகாய் கூடவே கூடாது. டீம் லீடர் மிரான் மேடம், உதவி மேனேஜர் போங், நாங்கள் இரண்டு பேர், மொத்தம் நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டு மார்க் போடுவோம்.

போடுவோம் என்பது பேச்சுக்கு. முதலில் மேடம் சாப்பிடுவார். பிடித்தால் "ம்ம்ம்" என்று இழுப்பார், பிடிக்காவிட்டால் "ம்" என்று வெட்டுவார். அதுவரை போங் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். இழுவை வந்ததும் மூன்று பேனாவும் ஒரே நேரத்தில் ஓடும். எந்தப் பொட்டு எந்தக் குக்கர் என்பதை மறைத்து வைத்தார்களே தவிர, மேடத்தின் முகத்தை யாரும் மறைத்து வைக்கவில்லை.

ஒருநாள் கிண்ணம் கழுவும்போது ஜேஹாவைக் கேட்டேன். "ஏன்டா, உனக்கு நிஜமாவே நீலம் பிடிச்சிருந்துதா?"

"அக்கா, மேடத்துக்கு நீலம் பிடிச்சிருந்துது. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு" என்றான் அந்தக் குள்ளநரி. என்னைவிட ஒரு வயது சின்னவன், பத்து வயது விவரம்.

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. ஏன் என்று ஒரு கேள்வி மண்டைக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியே எடுக்கும்வரை சோறு தண்ணி இறங்காது. இந்த முறை நுழைந்த கேள்விக்குக் காரணம் ஒரு புது குக்கர். தனியாகக் குடியிருப்பவர்களுக்கென்று சின்னதாக, அழகாகச் செய்திருந்தார்கள். எங்கள் அறையில் அது எப்போதும் மார்க் அள்ளும். ஆனால் வெளியே சில வீடுகளில் கொடுத்துப் பார்த்தபோது, சோற்றைச் சூட்டிலேயே விட்டுவைத்தால் நாறுகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கும் அந்த ரப்பர் நாற்றம் லேசாகத் தெரிந்தது. ஆனால் எதிரே மேடம் "ம்ம்ம்" என்று இழுக்கும்போது, கோளாறு சோற்றிலா, என் மூக்கிலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு காலை ஜேஹா பிரிண்டர் பக்கம் போன சமயம், ஒரே குக்கர் சோற்றை மூன்று கிண்ணத்திலும் போட்டுவிட்டேன். விஷமம்தான், வேறென்ன. மேடம் சிவப்பைச் சாப்பிட்டார். நீலத்தைச் சாப்பிட்டார். மஞ்சளைச் சாப்பிட்டார். தலையைத் தூக்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மஞ்சள்... ம்ம்ம்" என்றார்.

"கரெக்ட் மேடம்! மஞ்சள்ல அந்தப் பளபளப்பே தனி" என்றார் போங்.

"மெல்ல மெல்ல இனிப்பு பின்னாடி வருது" என்று ஜேஹா எழுதினான்.

சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடித்து, அது மூக்கில் ஏறி, பெரிய ரகளையாகிவிட்டது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அடுத்த கேள்வி நுழைந்தது. அவர்கள் இரண்டு பேரும் மேடத்தைப் பார்த்து எழுதினார்கள், சரி. மூன்றிலும் ஒரே சோறு இருக்கும்போது, மேடம் எதைப் பார்த்து மஞ்சள் என்றார்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். காலையில் நான் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். மேடம் எங்களைச் சுற்றிப் பார்த்த நேரம், பசியில், கைக்கெட்டிய கிண்ணத்திலிருந்து இரண்டாவது ஸ்பூன் எடுத்தேன். அது மஞ்சள்.

மறுநாள் வேண்டுமென்றே சிவப்புக் கிண்ணத்தில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிப் போட்டேன். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு அதிலிருந்தே இரண்டாவது ஸ்பூன் எடுத்தேன். மேடம் பார்த்தார். "சிவப்பு... ம்ம்ம்."

கருகின சோறு! எங்கள் குன்சான் நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடும். இன்டர்ன்கள் மேடத்தின் முகத்தைப் பார்க்க, மேடம் இன்டர்னின் கையைப் பார்க்க, சோற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான்தான் அந்த அறைக்கு மகாராணி. யாரும் சீந்தாத பழைய மாடல் ஒன்றைத் தொடர்ந்து ஜெயிக்க வைத்தேன். போங் அதற்கு ஒரு அறிக்கையே எழுதினார். ஆனால் விளையாட்டு சலித்ததும் பயம் வந்தது. ஒரு மத்தியானம் குளிர் நூடுல்ஸ் கடையில் மேடம் மூக்கைத் துளைக்கிற கடுகு விழுதைப் பிழிந்தார், பிழிந்தார், குப்பி மூச்சுவாங்கும்வரை பிழிந்தார். சாப்பிட்டும் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. "மேடம் கில்லாடி!" என்று ஜேஹா கைதட்டினான். நான் என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை டைரக்டர் நாம்குங் நேரில் வந்து புது குக்கரின் சோற்றைச் சாப்பிடப் போகிறார். போங் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"இது பாஸானா புது டீம் வரும், உங்கள்ல ஒருத்தருக்கு சீட்டு உண்டு. பாஸாகலைன்னா டீமும் இல்ல, சீட்டும் இல்ல. புரிஞ்சுதா? நல்லா சாப்பிடுங்க."

புதன்கிழமை மேடம் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். கையில் பார்லி டீ இருந்தது.

"சோமி, உனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?"

தெரியாத மாதிரி விழிக்கலாம் என்று பார்த்தேன். என் முகம் அதற்கெல்லாம் லாயக்கில்லை. தலையாட்டினேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. எல்லா டாக்டரையும் பாத்தாச்சு."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சோத்தை மோந்து பாக்கறதுதான் என் பொழப்பு. மூக்கு போச்சுன்னு யார்கிட்ட போய் சொல்றது? வீட்ல ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

"ஏன் மேடம் என்னைப் பாத்தீங்க? போங் சார் இருக்காரே?"

சிரித்தார். "அவன் என் மூஞ்சியப் பாக்கறான். ஜேஹாவும் என் மூஞ்சியத்தான் பாக்கறான். நீ ஒருத்திதான் சோத்தைப் பாத்து சாப்பிடற."

கன்னம் சுட்டது. கருகின சோற்றை அவருக்கு ஊட்டிவிட்டவள் நான். அதை மட்டும் சொல்லவில்லை.

"நாளைக்கு என்ன மேடம் பண்றது?"

"உன் இஷ்டம். நீ எதுல ரெண்டாவது ஸ்பூன் எடுக்கறியோ அதையே நான் சொல்லிடறேன். உனக்கும் வேலை வேணும், எனக்கும் வேணும்." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "ஆமா, வெந்ததும் மூடியத் திறந்தா குப்புனு ஒரு வாசனை வருமே, அது எப்படி இருக்கும்? மறந்தே போச்சு எனக்கு."

தினமும் மார்க் போடுகிற எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "சூடா... சூடா இருக்கும் மேடம்" என்று உளறினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை மஞ்சள் பொட்டுதான் புது குக்கர். காலையிலிருந்தே சோறு சூட்டில் இருந்தது. நான் முடிவு செய்துவிட்டேன்: எனக்கு வேலை வேண்டும். நாலாவது இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் எழுத என் உடம்பில் தெம்பில்லை. கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டுத்தான் வந்தேன்.

டைரக்டர் முதல் ஸ்பூன் எடுத்தார். மென்றார். "நல்லாருக்கு" என்றார்.

"அருமை சார்" என்றார் போங். "தனியா இருக்கறவங்களுக்கு அம்மா கைச்சோறு மாதிரி" என்றான் ஜேஹா. என் முறை வந்தது. வாயில் வைத்ததும் அந்த ரப்பர் நாற்றம் தொண்டைவரை போனது. விழுங்கினேன். வாடகை, அம்மா, அவள் சொல்லிக்காட்டும் பக்கத்து வீட்டுப் பையனின் வங்கி வேலை, எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துக்கொண்டேன். மஞ்சளில் இருந்தே இரண்டாவது ஸ்பூனும் எடுத்து வாயில் போட்டேன்.

மேடம் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி முன்னால் பழகினதெல்லாம் எங்கே போனதோ, என் மூக்கு சுருங்குவது எனக்கே தெரிந்தது. மேடம் ஸ்பூனை மெல்லக் கீழே வைத்தார்.

"சார், நான் சொன்னா தப்பாயிடும். எனக்கு ரெண்டு வருஷமா வாசனையே தெரியறதில்ல. அந்தப் பொண்ணக் கேளுங்க."

போங் வாயைத் திறந்தவர் மூடவில்லை. டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, எப்படி இருக்கு?"

நல்லாருக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஜேஹா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லித் தொலை என்று. எனக்கு மேடத்தின் ஸ்பூன்தான் கண்ணில் பட்டது.

"நாறுது சார். மூடியில இருக்கற ரப்பர் வளையம்னு நினைக்கறேன். சூட்டுல விட்டா சோத்துல இறங்குது."

டைரக்டர் எழுந்து போனார்.

நடைபாதையில் ஜேஹா என்னை மறித்தான். "உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கோ, யாரு வேணாங்கறா? என் சோத்துல எதுக்குக்கா போட்ட?" அவன் கண் கலங்கியிருந்தது. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கே காக்காவோ டாக் அரட்டைச் செயலியில் என்னை பிளாக் செய்துவிட்டான்.

புது குக்கரைத் தள்ளிப்போட்டார்கள். மேடத்தை வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போன் எடுக்கப் போட்டார்கள். டீமும் இல்லை, சீட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சடங்கு என்று ஒன்று உண்டே, கடைசி நேர்முகத்துக்கு என்னையும் ஜேஹாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே டைரக்டர் நாம்குங்கும் ஒரு அலுவலரும் இருந்தார்கள். டைரக்டர் வேறு எதையும் கேட்கவில்லை.

"அந்தச் சோத்துல நீ ரெண்டாவது ஸ்பூன் எடுத்தே. பாத்தேன். நாத்தம்னு தெரிஞ்சே ஏன் எடுத்தே?"

மனப்பாடம் செய்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "வேலை வேணும்னுதான் சார்."

"அப்புறம் ஏன் நாறுதுன்னு சொன்னே?"

"நீங்க கேட்டீங்களே சார். இத்தனை நாள்ல சோறு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அலுவலர் வழக்கம்போல, "கடைசியா ஏதாவது கேக்கணுமா?" என்றார். கம்பெனியின் வருங்காலத் திட்டம் பற்றி அழகாக ஒரு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். என் வாய் இருக்கிறதே, அது வேறு ஒன்றைக் கேட்டது.

"சார், அன்னைக்கு உங்களுக்கு நாறலையா?"

அலுவலர் கூரையைப் பார்த்தார். டைரக்டர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நாறிச்சு" என்றார். "சேர்மன் முந்தின வாரமே வீட்ல சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டார்."

"அப்ப சேர்மனுக்கு..."

"போதும்மா."

வேலை அந்தக் கேள்வியால் கிடைத்ததா, அந்தக் கேள்வியையும் மீறிக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கிடைத்தது. பரிசோதனைப் பிரிவில் ஒரு இடம் காலியாகிவிட்டதாம், அதற்கு. திங்கட்கிழமை புது அடையாள அட்டையை மாட்டிக்கொண்டதும், என் மேஜை போனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன்.

"ஒன்சோல் சேவை மையம், சொல்லுங்க" என்றது மேடத்தின் குரல்.

"மேடம், நான் சோமி. கிடைச்சிடுச்சு."

"என் இடம்தானே?"

"ஆமா மேடம்." மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் அவருக்குக் கோபம் வருமா என்று தடுமாறினேன்.

"சரி, அப்ப உடனே ஒரு வேலை பாரு" என்றார் அவர். "இன்னொரு லைன்ல ஒரு அம்மா காலையிலேர்ந்து சோறு நாறுது, சோறு நாறுதுன்னு கத்திட்டிருக்காங்க. எனக்கு என்னத்தத் தெரியும்? உன் பக்கம் தள்ளி விடறேன், பேசு."

போனில் கிளிக் என்றது. எதிர்ப்பக்கம் ஒரு பெண்குரல் மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தது. நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"அம்மா, இருங்க இருங்க. நாத்தம்னு சொன்னீங்களே, அது என்ன மாதிரி நாத்தம்? மெதுவா சொல்லுங்க."