உப்புக் கறள்

நான் ஜீப் வாங்கப்போகிறேன் என்ற கதை பரவியதும் தர்மபுரத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "கமலாசனிக்கு இனி ஹெலிகொப்டரும் வேணுமாம்" என்று சங்கக்கடையடியில் ஒருத்தி சொன்னாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். மாரி காலத்தில் உள்ளுக்குள் இருக்கிற குடியேற்றங்களுக்குப் போய்ப் பால் சேர்த்து வருகிறவள் நான். மோட்டார் சைக்கிளோடு சேற்றில் விழுந்து, கானில் இருந்த பாலை வாய்க்காலுக்கு வார்த்துவிட்டு, முழங்கால் உரசலோடு வீட்டுக்கு வருகிறவளும் நான். சிரிக்கிறவளா வந்து தூக்கிவிடப்போகிறாள்?

எனக்கு நாலு சில்லும் இழுக்கிற ஒரு வாகனம் வேண்டும். அவ்வளவுதான்.

கூட வந்தவன் பிரசாந்தன், என் கணவர் தவநேசனின் தம்பி. விசுவமடுவில் உழவு இயந்திரம் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். என் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு வாய் அடைத்துப்போயிற்று என்று அவன் பெண்சாதி தேனுகா பகிடி பண்ணுவாள். ஆனால் எனக்கு ஒன்று என்றால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பான். என் மகள் யதுர்ஷிகாவுக்குத் தகப்பன் இல்லாத குறை தெரியாமல் பார்த்தவனும் அவன்தான்.

எங்கள் பக்கத்தில் பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கீழே படுத்து, வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை, சாசியைப் பார்ப்பார்கள். கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் சனம் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் வருஷக்கணக்காக உப்பு மணலில் கிடந்தன. பிறகு இரும்பு வியாபாரிகள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் சிலதுக்குப் புதிதாகத் தகரம் அடித்து, அடியில் தார் பூசி, வேறு வாகனத்தின் பதிவுப் புத்தகத்தோடு விற்றும்விட்டார்கள். மேலே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஒரு மழைக்குள் ஓடினால் சாசி நடுவால் முறியும். அதனால் பிரசாந்தன் இரும்பில் பிடித்த துருவை, அந்தக் கறளைச் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பான். உப்புக் கரித்தால் துப்பிவிட்டு எழும்பிவிடுவான். பிறகு அந்த வாகனத்தின் விலையைக்கூடக் கேட்கமாட்டான்.

அன்று பரந்தன் சந்திக்குக் கிட்ட பழைய வாகனம் விற்கிற ஒருவனின் வளவுக்குப் போனோம். அவன் பெயர் குலேந்திரன். "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று கதிரை இழுத்துப்போட்டான். நான் கதிரையைப் பார்க்கவில்லை. வளவு மூலையில் ஒரு லாண்ட் ரோவர் நின்றது. பச்சை நிறம், பெட்டி போல் பின்பக்கம், முன்மூடியில் வைத்துக் கட்டிய உபரிச் சில்லு. நேரே அதனடிக்குப் போனேன்.

"இதைப் பார்ப்பம்" என்றேன்.

"அண்ணி, அங்கால பிக்கப் ஒண்டு நிக்குது. அதைப் பாருங்கோ. இந்தச் சாமானுக்குப் பாட்ஸ் எடுக்கேலாது" என்றான் பிரசாந்தன்.

"உன்னட்டைப் பாட்ஸ் கேட்டனானே? படுத்துப் பார்."

என் கணவருக்கும் இதே மாதிரி ஒன்று இருந்தது. எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அது இருமி இருமிக் கிளம்ப, "உன்ரை மச்சாள் எழும்பிட்டாள்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. அது பாலுக்கு உதவுமா உதவாதா என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று என்னைக் காயக்காரரோடு கப்பலில் ஏற்றி அனுப்பியவர் அவர்தான். "நீ முன்னுக்குப் போ, நான் அம்மாவை ஜீப்பிலை ஏத்திக்கொண்டு பின்னாலை வாறன்" என்றார். மாமிக்கு அப்போது நடக்க முடியாது. நான் முகாமில் கிடந்து, தின்னாமல் குடியாமல், வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வைகாசி கடைசியில், அவர்களோடு நின்ற பிரசாந்தன் மட்டும் வந்தான். மாமி செத்துப்போனா என்றான். அண்ணாவோ ஜீப்பை ஓட்டிக்கொண்டு, சண்டை நடந்த இடத்தை விட்டு ஆமிப் பக்கம் போகிற வட்டுவாகல் பாலம் தாண்டினவர், தான் கண்ணால் கண்டது, அங்கே ஆமிக்காரர் அவரை வேறு பஸ்ஸில் ஏற்றினவை என்றான்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், பிள்ளை பெற்றேன், பொட்டு வைத்தேன். காணாமல்போனவர்களை விசாரிக்க எந்த ஆணைக்குழு வந்தாலும் முன்னால் போய் இருந்தேன். பாலத்தால் வாகனம் எங்கே வந்தது, எல்லாரும் நடந்துதானே வந்தனாங்கள் என்று சொன்னவர்களோடு தெருவில் நின்று சண்டை பிடித்தேன். ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்தும் இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு விசாரணையிலும் ஜீப்பின் விபரம் கேட்பார்கள். சாசி நம்பரைத் தேவாரம் மாதிரிச் சொல்வேன். பக்கத்தில் பிரசாந்தன் தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். தமையனை நினைத்து அழுகிறான் என்று நானே அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பேன்.

அவன் சாக்கை விரித்து லாண்ட் ரோவருக்குக் கீழே போனான். ஸ்குறூட்றைவரால் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் டங், டங் என்று நல்ல சத்தம். பிறகு சொத்தென்று ஒரு சத்தம்.

"உள்ளை போட்டுது" என்றான். "வெளியாலை தார் பூசியிருக்கு. உள்பக்கத்தாலை அரிச்சிருக்கு அண்ணி."

"தம்பி, அது பழசுதானே" என்றான் குலேந்திரன். "அரசாங்கக் கந்தோர் ஒண்டிலை ஓடினது. கடற்கரைப் பக்கமே போகாத வாகனம்."

"கறளை வாயிலை வைச்சுப் பார்" என்றேன் நான்.

அவனுடைய இரண்டு கால்கள்தான் எனக்குத் தெரிந்தன. துப்புகிற சத்தம் கேட்கவில்லை.

"என்னடா, உப்போ?"

"ஓம்."

"புத்தகத்திலை இருக்கிற நம்பரும் சாசி நம்பரும் ஒண்டோ எண்டு பார். முன்பக்கம், வலது பக்க வில்லுத்தகட்டுக்கு மேலை இருக்கும்." அந்த இடம் எனக்கு மனப்பாடம். குலேந்திரன் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றான். கீழே தாரைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவன் கால்கள் அசையவில்லை.

"வாசியடா."

"நம்பர் இல்லை அண்ணி. கறள் திண்டுட்டுது." குரல் ஒரு மாதிரி இருந்தது. "இது வேண்டாம். வாங்கோ போவம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தொடக்கத்திலேயே இந்த ஜீப்பை வேண்டாம் என்றவன், இப்போது சாட்டுச் சொல்கிறான் என்று நினைத்தேன். "தள்ளு அங்காலை" என்றேன். ஐம்பது வயதுக்காரி சீலையை வரிந்து கட்டிக்கொண்டு வாகனத்துக்குக் கீழே போவதை அந்த வளவில் யாரும் முன்பு கண்டிருக்கமாட்டார்கள். "அக்கா, அக்கா, உடுப்பு ஊத்தையாகும்" என்று குலேந்திரன் கத்தினான். பிரசாந்தன் என் கையைப் பிடித்தான். "பாக்காதேங்கோ அண்ணி" என்றான். தட்டிவிட்டேன்.

அவன் சுரண்டிய இடம் பளிச்சென்று இருந்தது. நம்பர் தெளிவாக இருந்தது. முதல் மூன்று எண்களைத்தான் வாசித்தேன். மிச்சத்தை வாசிக்கத் தேவை இருக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கடவுளாணை, சந்தோஷம்தான். "பிரசாந்தன், எங்கடை ஜீப்படா! பாலம் தாண்டி வந்த ஜீப்! ஆர் கொண்டந்தவங்கள் எண்டு பிடிச்சா அவரைப் பிடிக்கலாம்!" என்று மல்லாந்து படுத்தபடி அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவன் ஒரு கை தூரத்தில் படுத்திருந்தான். முகம் முழுக்கக் கறள் தூள். கண்ணீர் அதற்குள்ளால் ஓடிக் காதுக்குள் போனது.

"தாண்டேல்லை அண்ணி" என்றான்.

"என்ன?"

"ஜீப் தாண்டேல்லை. அண்ணாவும் தாண்டேல்லை." அவன் என்னைப் பார்க்கவில்லை, சாசியைப் பார்த்துச் சொன்னான். "முள்ளிவாய்க்காலிலை ஜீப்புக்குக் கீழைதான் பங்கர் வெட்டி இருந்தனாங்கள். சில்லைக் கழட்டிப்போட்டு, சுத்திவர மண் அணைச்சு. அம்மா முதல் நாள் செத்துப்போனா. அடுத்த நாள் காலமை அண்ணாவுக்குக் கழுத்திலை ஷெல் பீஸ் பட்டது. கொஞ்ச நேரம்தான் இருந்தவர். அந்தப் பங்கருக்கையே ரெண்டு பேரையும் வைச்சு மூடிப்போட்டு வந்தனான்."

நான் அவனுக்கு அடித்தேன். படுத்த இடத்திலேயே, கை எட்டின பக்கமெல்லாம் அடித்தேன். என் முழங்கை சாசியில் பட்டு இரத்தம் வந்தது. அவன் தடுக்கவில்லை.

"கண்டனான் எண்டு சொன்னியேடா! சத்தியம் பண்ணினியேடா!"

"நீங்கள் தண்ணிகூடக் குடிக்கேல்லை. அவர் இல்லையெண்டால் நானும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தனீங்கள். வயித்திலை பிள்ளை." அவன் விக்கினான். "பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். பிறந்தாப்பிறகு, பால் மறக்கட்டும் எண்டு இருந்தனான். அதுக்குள்ளை நீங்கள் ஆணைக்குழுவுக்குப் போகத் தொடங்கிட்டீங்கள். ஜீப் அங்கை நிக்குதுதானே, ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டிச் சொல்லுவம் எண்டு நினைச்சன். ஆமி சனத்தை உள்ளை விட்டவுடனை போய்ப் பார்த்தன் அண்ணி. ஜீப் இல்லை. எல்லாத்தையும் இழுத்து, மண்ணைத் தள்ளி மட்டமாக்கிப்போட்டாங்கள். எந்த இடம் எண்டு எனக்கே தெரியேல்லை. பிறகு எதைக் காட்டிச் சொல்லுறது?"

நான் வெளியே வந்தேன். குலேந்திரன் புத்தகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். பொலிஸுக்குப் போவேன் என்று பயந்திருப்பான். அவன் சேட்டுக் கொலரைப் பிடித்தேன்.

"தம்பி, உன்ரை புத்தகமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இந்தச் சாசியை எங்கையிருந்து எடுத்தனி? எந்த இடம்? அதை மட்டும் சொல்லு, உன்னைக் கும்பிடுறன்."

"அக்கா, பிள்ளையாணை எனக்குத் தெரியாது" என்றான். "வவுனியாவிலை ஒரு பழைய இரும்புக் கடையிலை சாசியை மட்டும் எடுத்தனான். அந்தக் கடையையும் இப்ப மூடியாச்சு. லொறி லொறியா வந்து குவிஞ்சு கிடந்தது. எது எங்கை கிடந்தது எண்டு அவைக்கே தெரியாதக்கா."

நான் அவனை விட்டேன். வேலியோரம் போய் இருந்தேன். வீதியால் யாழ்ப்பாண பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அவரை நான் எவ்வளவு பேசியிருக்கிறேன். எங்கேயோ ஒரு சிறையில் இருந்துகொண்டு ஒரு துண்டுக் கடிதம் போட முடியாதா, அப்படி என்ன கொழுப்பு என்று குசினிக்குள் நின்று திட்டியிருக்கிறேன். வேறு ஒருத்தியோடு இருக்கிறாரோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பதினாறு வருஷம். ஒரு திவசம் இல்லை. ஒரு விளக்கு இல்லை. பசியோடு அலையவிட்டுவிட்டு, அவருடைய பிறந்தநாளுக்கு உயிரோடு இருக்கிறவருக்கு என்று பாயாசம் காய்ச்சி நானும் மகளும் குடித்தோம். ஐயோ, என்ரை ராசா, என்னை மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுக் கத்தினேன். பரந்தன் சந்தி முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பிரசாந்தன் ஜீப்புக்குக் கீழேயிருந்து இன்னும் வரவில்லை. அவனைத் திட்டி எழுப்பத்தான் திரும்பிப் போனேன். குனிந்தபோது கண்டேன். அவன் ஸ்குறூட்றைவர் குத்திய ஓட்டையால் மணல் வடிந்துகொண்டிருந்தது. மெல்லிய நூலாக, வெள்ளையாக, இடையிடையே சிப்பித் துண்டுகளோடு. அவன் நெஞ்சில் அது குவிந்து கிடந்தது. சாசிப் பெட்டிக்குள் இறுகிப்போய் இத்தனை காலமும் கிடந்த மணல். இரும்பை உள்ளே இருந்து தின்ற மணல்.

அது பரந்தன் மண் இல்லை. அது எந்த மண் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இடம் போய்விட்டது. இதுதான் மிச்சம்.

நான் மறுபடியும் கீழே போய் அவனுக்குப் பக்கத்தில் படுத்தேன். சீலைத் தலைப்பை விரித்து ஓட்டைக்குக் கீழே பிடித்தேன். அவன் நெஞ்சில் கிடந்ததையும் ஒரு பொட்டு விடாமல் கூட்டி அதற்குள் எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. அவனும் அந்தப் பங்கரைப் பதினாறு வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் மணல் நின்றுவிட்டது. உள்ளே இன்னும் இருக்க வேண்டும்.

"சுத்தியலை எடு" என்றேன். "தட்டி விழுத்து. எல்லாம் எனக்கு வேணும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மெல்லத் தட்டடா" என்றேன். "அவருக்கு நோகும்."