கதவுள்ள அறை

தலைநகரின் சிலான்ஸார் பகுதியில் நான்காம் மாடியில் இருந்த அந்த வாடகை வீட்டில் அறை என்று சொல்லிக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று வெளி அறை. அதை அறை என்பதைவிட வழி என்பதே பொருத்தம். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிறவரும் குளியலறைக்குப் போகிறவரும் துணி காயப்போடப் போகிறவரும் அதன் நடுவாகத்தான் நடக்க வேண்டும். இன்னொன்று உள் அறை. அதற்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு.

பர்சின் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து வெளி அறையில்தான் கிடந்தாள். உடை மாற்ற வேண்டுமா, குளியலறை. அழ வேண்டுமா, அதற்கும் குளியலறை. உள் அறையில் இருந்த சதோகத் மாலையில் எங்கோ வேலைக்குப் போய்விட்டுத் தூங்க மட்டும் வருவாள். அவள் படிப்பு முடிந்து போனதும் அறை தனக்குத்தான் என்பதில் பர்சினுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த ஜன்னலுக்கென்று மஞ்சள் துணி வாங்கி, திரைச்சீலை தைத்து, கட்டிலுக்கடியில் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். கல்யாணப் புடவை எடுத்து வைத்தவள்கூட அத்தனை முறை அதை எடுத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

சதோகத் போன அதே வாரம் இந்திஸார் வந்தாள். முதலாம் ஆண்டு, கோரஸ்ம் பக்கத்து உர்கெஞ்சுக்காரி. ஒல்லியான பெண், பெரிய கண். கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பூசணிக்காய் கனத்துக்கு, கமகமவென மணக்கும் கோரஸ்ம் முலாம்பழம். வீட்டுக்காரி முகர்ரமா பெரியம்மா அதே கட்டடத்தில் அடுத்த படிக்கட்டு வழி வீட்டில் குடியிருந்தவள். பழத்தை முகர்ந்தாள், பெண்ணின் பேச்சைக் கேட்டாள், கண் கலங்கிவிட்டாள். அவளும் பிறந்தது கோரஸ்ம்தான்.

"உள் ரூம்ல வெச்சுக்கோ பொண்ணே உன் சாமான."

பர்சின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, அந்த ரூம் எனக்குன்னு..."

"யார் சொன்னது உனக்குன்னு? நீ பழகின ஆளு, நடுரோட்டுல பாய் போட்டாலும் தூங்குவ. இவ சின்னவ, மிரள்றா. விட்டுக்குடுடி."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பர்சினுக்கு வயிறு எரிந்தது. முலாம்பழத்தில் அவளுக்கும் ஒரு துண்டு வந்தது, தேன்போல இனித்தது, அதற்காகவும் எரிந்தது.

அன்று மாலையே கட்டிலில் சாய்ந்து, தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, சொந்த ஊரான தெர்மிஸில் இருந்த தங்கை அய்பாரியை அழைத்தாள்.

"நேத்து முளைச்ச காளான் அது. ஒரு பழத்த நீட்டி ரூமப் புடிச்சிட்டா. மூஞ்சியப் பாரு, பட்டினி கெடந்த ஆட்டுக்குட்டி மாதிரி. நடிப்பு."

"போனாப் போகுதுக்கா."

"உனக்கென்ன, சொல்லுவ."

அதன்பின் அது தினசரி வழிபாடாகிவிட்டது. மாலையானால் சாய்வாள், அழைப்பாள், இந்திஸாரின் அன்றைய குற்றங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். கதவை மெதுவாகச் சாத்தினால் திருட்டுத்தனம். அடித்துச் சாத்தினால் திமிர். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது, அதுவும் குற்றம்தான்.

இந்திஸாரோ, பர்சின் கட்டிய வழக்கை நிற்கவிடாமல் கெடுத்துக்கொண்டிருந்தாள். பர்சின் கோட்டு ஜிப் பிய்ந்ததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, தங்கையைத் தவிர. மறுநாள் மேஜைமேல் ஒரு புது ஜிப்பும் நூலும் ஊசியும் இருந்தன.

"இது எதுக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடந்துச்சு அக்கா."

"பிச்சைக்காரின்னு நெனச்சியா?"

இந்திஸார் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். ஜிப் என்னவோ அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பர்சின் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் ஒன்று இருந்தது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையை வைத்துக்கொண்டு, வந்த இரண்டாம் நாளிலிருந்து இந்திஸார் போன் பேசக் கீழே முற்றத்துக்கு இறங்கிப் போனாள். பனி கொட்டும்போதும் போனாள். பிள்ளைகள் ஆடும் துருப்பிடித்த ஊஞ்சலில் உட்கார்ந்து, முக்காட்டுக்குள் போனை நுழைத்துக்கொண்டு பேசுவாள். மேலே ஜன்னலில் நின்று பர்சின் பார்ப்பாள். குளிருக்கு வெந்நீர்க் குழாய் சுடச்சுட ஓடும் அறையை விட்டுவிட்டு உறைபனியில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றால், அம்மாவிடமா பேசுவாள்?

ஒருநாள் வாசலில் ஓர் இளைஞன் இந்திஸாரிடம் பை ஒன்றைக் கொடுத்ததையும் பர்சின் பார்த்தாள். உர்கெஞ்சு டாக்ஸிக்காரன் அவன். அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் வீட்டு ஜாமும் அரிசியும் கொண்டுவந்து தருகிறவன். அது பர்சினுக்கு நன்றாகவே தெரியும். அன்று மாலை தெரியாததுபோல் பேசினாள்.

"மாட்டினா. கீழ எறங்கி யார்ட்டப் பேசறான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. பையன் வீட்டு வாசலுக்கே வர்றான். நாளைக்குப் பெரியம்மாட்டச் சொல்லப்போறேன். அவங்க நேரா இவ அப்பாவுக்குத்தான் போன் போடுவாங்க."

"அக்கா, நெசமா பாத்தியா?"

"பாத்தேன்னு சொன்னாப் போதும்ல?"

"அவ அப்பா, ஒரு பேச்சு வந்தாலும் படிப்ப நிறுத்திருவார்னு நீதான சொன்ன?"

"அப்ப நிறுத்தட்டும். ரூம் காலியாகும்."

சொன்னது பர்சினுக்கே சற்று அதிகமாகப் பட்டது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்திஸார் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுதில எடம் கெடச்சிருச்சு அக்கா."

"ஆறு பேரு ஒரு ரூம்ல இருக்கணுமே?"

"இருந்துக்குவேன்." பிறகு, பர்சின் முகத்தைப் பார்க்காமல், "இந்த ரூம்ல எனக்குத் தூக்கம் வரல" என்றாள்.

நரிக்கு எட்டாத திராட்சை கேள்விப்பட்டிருக்கிறோம், எட்டிய திராட்சையையும் புளிக்கிறது என்கிறாளே என்று பர்சின் நினைத்தாள். மகிழ்ச்சியில் உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. பாவமும் செய்யவில்லை, பலனும் கிடைத்துவிட்டது. ஆண்டவன் என் பக்கம்.

பெரியம்மா சூடான வட்ட ரொட்டியோடு ஓடிவந்தாள். "ஒரு வாய் கடிச்சிட்டுப் போ பொண்ணே. மிச்சம் இங்கயே தொங்கட்டும். நீயே திரும்பி வந்து திங்கணும்."

இந்திஸார் ஓரத்தில் கடித்தாள். மென்று விழுங்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. பெரியம்மா ரொட்டியைத் துணியில் கட்டி, உள் அறைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். அந்த ஊரில் ரொட்டியை எறிவது பாவம். கடித்தவள் வராமல் அதை வேறு யாரும் தொடவும் கூடாது. ஆகவே பர்சினுக்கு அறையோடு ரொட்டியும் சேர்ந்தே வந்தது.

மஞ்சள் திரைச்சீலை ஏறியது. தாழ்ப்பாள் விழுந்தது. சில நாட்கள் பர்சின் ராணிதான். கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தாள். பரீட்சைக்குப் படித்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள். ரொட்டியை மட்டும் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

வெளி அறைக்குப் புதுப்பெண் ஒருத்தி வந்தாள். நவோய் ஊர்ப் பக்கத்துக்காரி. வந்த மாலையே பர்சினின் பழைய கட்டிலில், அதே சுவரில் சாய்ந்து, அம்மாவை அழைத்தாள்.

"பரவால்லம்மா. வழியிலதான் படுக்கணும். உள்ள ஒரு பெரிய மகாராணி இருக்கு. கதவச் சாத்திக்கிட்டா வெளியவே வராது. அதுக்கு மட்டும் என்ன ஒசத்தியோ தெரியல."

உள்ளே படுத்திருந்த பர்சின், காதுபடவே பேசுகிறாளே என்று கோபத்தோடு எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். அந்தப் பெண் கட்டிலில் சுவரையொட்டிப் போர்வைக்குள் சுருண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். பர்சினைக் கண்டதும் சிரித்து, "டீ போடட்டுமா அக்கா?" என்றாள்.

பர்சின் கதவைச் சாத்தினாள். சுவரருகே போய் நின்றாள்.

"வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுதும்மா," என்றது சுவர். பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுபோல் கேட்டது. பெருமூச்சுகூடக் கேட்டது.

முதலில் ஜிப்தான் நினைவுக்கு வந்தது. பிறகு ஊஞ்சல். பிறகு ஆட்டுக்குட்டி, காளான், நடிப்பு, இந்திஸார் வந்த முதல் மாலையிலிருந்து சொன்ன ஒவ்வொன்றும். கடைசியாக, 'அப்ப நிறுத்தட்டும். ரூம் காலியாகும்.' பர்சின் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் பொறாமைப்பட்டு ஏங்கிய அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அது தெரிந்த ஒருத்தி பனியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினாள். அதையும் பிடித்துக்கொண்டு அவளை விரட்டியாயிற்று.

போனை எடுத்தாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு இந்திஸார் எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா."

"உன் ரொட்டி இங்கயே இருக்கு. வந்து சாப்ட்டுப் போ."

மறுமுனையில் பல பெண்களின் பேச்சும் தட்டு கழுவும் ஓசையும் கேட்டன.

"அது திரும்பி வர்றதுக்காகக் கடிச்சதில்ல அக்கா. பெரியம்மா மனசு கோணக் கூடாதுன்னு கடிச்சேன். தண்ணில நனைச்சுப் பறவைக்குப் போட்ருங்க."

பர்சின் ஆணியில் தொங்கிய துணிமுடிச்சைப் பார்த்தாள். இந்திஸாரே கேட்டாள். "எங்கேர்ந்து பேசறீங்க?"

"உள் ரூம்லேந்து."

"அப்ப கீழ எறங்கிப் போய்ப் பேசுங்க அக்கா. வெளிய கேக்கும்."

பர்சின் எழுந்தாள். கோட்டு கதவில் தொங்கியது, இந்திஸாரின் ஜிப்போடு. கையை நீட்டியவள், எடுக்காமல் திரும்பி வந்து சுவரையொட்டி நின்றாள்.

"கேக்கட்டும்," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "உன்னப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய், இந்திஸார். அந்தப் பையன் டாக்ஸிக்காரன்னு எனக்குத் தெரியும். இந்த ரூமுக்காகத்தான் சொன்னேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் புதுப்பெண்ணின் பேச்சு நின்றுபோயிற்று.